தைலம் மூக்குக்கா, கம்பளிக்கா? மலைவாழ்வில் மூச்சு ஒவ்வாமையும் யூகலிப்டஸ் எண்ணெயும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என எந்த மலை ஊரை எடுத்துக்கொண்டாலும், ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்லும் நேரம் விடியற்காலைதான். படுக்கையை விட்டு எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகல், அண்ணத்திலும் கண் ஓரத்திலும் அரிப்பு. பத்து மணிக்கு மேல் வெளியே போய் நடமாடினால் கொஞ்சம் தணிந்துவிடும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி அன்று இரவு இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள். தலையணையில் நாலு சொட்டுத் தைலமும் தெளித்துக்கொள்வார்கள். மறுநாள் காலையிலும் அதே தும்மல்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எழுந்தவுடன் தும்மல் வந்து, வெளியே போனதும் குறைந்தால், முதலில் படுக்கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூசி உண்ணி என்கிற, கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிரி அங்கேதான் குடியிருக்கிறது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்செதில்தான் அதன் உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் காய்ந்து செத்துவிடும். ஐரோப்பாவின் உயரமான, வறண்ட மலைகளில் இந்த உண்ணி அரிது. நம் மலைகளின் கதை வேறு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, இரண்டுக்கும் நடுவே மேகமும் மூடுபனியும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் வீடுகள். வீடு முழுக்கக் கம்பளி, ரஜாய் என்கிற தடித்த போர்வை, பழைய மெத்தை, தரைவிரிப்பு. உண்ணிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் உண்ணியின் கழிவு உருண்டைகளில் உள்ள புரதம். கம்பளியை உதறும்போதும் இழுத்துப் போர்த்தும்போதும் அது கிளம்பி மூக்குக்குள் போகிறது. அங்கே மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்களின்மேல் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே ஒட்டிக் காத்திருக்கும். உண்ணிப் புரதம் அதில் பட்டதும் செல் தனக்குள் சேர்த்துவைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. நரம்பைச் சீண்டித் தும்மலை வரவழைப்பதும், ரத்தக் குழாயைத் தளர்த்தி மூக்கின் உள்தோலை வீங்கவைப்பதும் அந்த ஹிஸ்டமின்தான். மூச்சுக்குழாய் வரை போனால் வீசிங்.

மலையில் வேறு காரணங்களும் உண்டு. மழைக்காலச் சுவரில் கறுப்பாகப் படரும் பூஞ்சை, விறகடுப்புப் புகை, புல் மகரந்தம், சைப்ரஸ் மகரந்தம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். மஞ்சளாகப் பூத்துக் கொட்டும் சீகை மரத்தின்மேல்தான் பழி அதிகம் விழுகிறது. அதன் மகரந்தம் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும், கனமானது, வெகுதூரம் பறக்காது. கண்ணுக்கே தெரியாமல் மகரந்தத்தைத் தூவும் புல்லைத்தான் அதற்கு முன் சந்தேகிக்க வேண்டும். வருடம் முழுவதும் தும்மல் இருந்தால் உண்ணியும் பூஞ்சையும், குறிப்பிட்ட சில வாரங்கள் மட்டும் என்றால் மகரந்தம் என்று தோராயமாகக் கொள்ளலாம். தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் பின்னணியில்தான் தைலத்தைப் பார்க்க வேண்டும். யூகலிப்டஸ் எண்ணெய் மூக்கின் ஒவ்வாமையைத் தீர்க்காது. ஆனால் ஒவ்வாமையின் இருப்பிடத்தை, அதாவது கம்பளியை, அதைக்கொண்டு உருப்படியாகச் சுத்தம் செய்யலாம். முகர்வதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. அளவும் ஆளும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

புட்டிக்குள் இருப்பது என்ன

நம் ஊரில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் குளோபுலஸின் தாயகம் டாஸ்மேனியாவும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும். 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் குன்னூரை அடுத்த வெலிங்டன் பகுதியில் நட்டதாகப் பதிவு இருக்கிறது. 1856 முதல் விறகுத் தேவைக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். தைலம் காய்ச்சும் தொழில் அந்த மரங்களின் இலையையும் சருகையும் நம்பி வளர்ந்தது.

காய்ச்சும் முறை எளிது. பெரிய செம்புக் கொப்பரையில் இலையை அமுக்கி அடைத்து, தண்ணீர் விட்டு, மூடியின் இடுக்கை மண் பூசி அடைத்து அடுப்பேற்றுவார்கள். காய்ச்சி முடிந்த இலையே காய்ந்ததும் அடுத்த அடுப்புக்கு எரிபொருள். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, நீரும் எண்ணெயுமாக வெளியே சொட்டும். எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ 0.91 என்பதால் அது நீரின்மேல் மிதக்கும். மேலாக எடுத்துக்கொள்ளலாம். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டி எண்ணெய் கிடைக்கும்.

அந்த எண்ணெயின் பெரும்பகுதி சினியோல் என்ற வாசனைப் பொருள். மருந்துத் தரம் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 70 சதவீதம் சினியோல் இருக்க வேண்டும் என்பது மருந்தியல் நூல்களின் விதி. கொப்பரையிலிருந்து இறங்கிய கச்சா எண்ணெயில் ஆல்டிஹைடு வகைப் பொருட்கள் சில கலந்திருக்கும், அவை தொண்டையைச் சுரண்டி இருமலை வரவழைக்கும். மறுபடி வடித்து அவற்றை நீக்கியதுதான் மருந்துத் தரம். மலைக்கடையில் லேபிள் இல்லாத புட்டியில் வாங்கும் தைலம் அசலாகவே இருந்தாலும் கச்சாவாக இருக்கக்கூடும். துணி துவைக்க அது போதும். முகர்வதற்கு, மருந்துத் தரம் என்று அச்சிட்டு, தாவரப் பெயரும் தொகுப்பு எண்ணும் போட்ட புட்டியையே வாங்க வேண்டும். புட்டியில் நீலகிரி என்று போட்டிருப்பதால் மட்டும் நீலகிரி எண்ணெய் ஆகிவிடாது. உலகச் சந்தையில் விற்கும் யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருவது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். நல்ல எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய்ப் பசையாக வட்டம் நின்றால் சமையல் எண்ணெயோ கனிம எண்ணெயோ கலந்திருக்கிறது. டர்பன்டைனும் ஆவியாகிவிடும் என்பதால் அந்தக் கலப்படத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

மூக்கு திறந்த மாதிரி இருக்கிறதே?

தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்ட உணர்வு வருவது உண்மை. அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூக்கின் உள்தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. நாம் மூச்சை இழுக்கும்போது உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியை வைத்துத்தான் மூளை காற்று போகிறது என்று அறிகிறது. புதினாவிலுள்ள மெந்தால் அந்த முனைகளை நேரடியாகத் தூண்டும். சினியோலும் அதே வேலையை இன்னும் மென்மையாகச் செய்கிறது. பிரிட்டனில் 1980-களில் மெந்தாலை முகரவைத்து மூக்கின் காற்றுத் தடையைக் கருவியால் அளந்தார்கள். காற்று நன்றாகப் போகிறது என்று ஆட்கள் சொன்னார்கள், கருவியில் தடை குறையவில்லை. வீக்கம் அப்படியே இருக்க, உணர்வு மட்டும் மாறியிருந்தது.

வெறும் மூக்கடைப்போடு தூங்கப் போராடுபவருக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆபத்து ஆஸ்துமாக்காரருக்குத்தான். மூச்சுக்குழாய் இறுகிக்கொண்டிருக்கும்போது மூக்கில் குளிர்ச்சி தெரிந்தால், சரியாகிவருகிறது என்று நம்பி இன்ஹேலரை எடுக்கத் தாமதிப்பார். மலைக் கிராமத்தில், கடைசிப் பேருந்தும் போன பிறகு, அந்தத் தாமதத்தின் விலை மிக அதிகம்.

சினியோலுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் 2003-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரையைச் சார்ந்திருந்த 32 ஆஸ்துமா நோயாளிகள் கலந்துகொண்டார்கள். ஒரு சாராருக்குத் தினமும் மூன்று வேளை 200 மில்லிகிராம் தூய சினியோலை 12 வாரம் கொடுத்தார்கள். அவர்களின் ஸ்டீராய்டு அளவைச் சராசரியாக 36 சதவீதம் குறைக்க முடிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7 சதவீதம்தான். இதைப் படித்துவிட்டுத் தைலத்தைச் சர்க்கரையில் சொட்டி விழுங்கிவிடக் கூடாது. அங்கே கொடுத்தது அளந்து அடைத்த மருந்து, மருத்துவக் கண்காணிப்பில், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து. வாசனையை முகர்வதால் அதே பலன் வரும் என்பதற்கு அந்த ஆய்வு சான்றும் ஆகாது.

முகர்தலைப் பற்றியே ஒரு ஆய்வு கொரியாவில் நடந்து 2016-இல் வெளியானது. வருடம் முழுவதும் மூக்கு ஒவ்வாமை உள்ள 54 பேரில் ஒரு பகுதியினர் சந்தனம், ஜெரேனியம், ரவென்சாரா எண்ணெய்களைப் பாதாம் எண்ணெயில் 0.2 சதவீதமாகக் கலந்ததை தினம் இரு வேளை, ஐந்து நிமிடம் முகர்ந்தார்கள். ஏழு நாளில் மூக்கடைப்பும் தூக்கமும் மேம்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஏழு நாள் என்பது மிகக் குறுகிய காலம், ஆட்களும் குறைவு. ஆனாலும் அந்த 0.2 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மில்லி பாதாம் எண்ணெயில் மூன்று வகையும் சேர்ந்து ஏறத்தாழ அரைச் சொட்டுதான். நம் வீடுகளில் தலையணையில் தெளிக்கும் அளவோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று புரியும்.

கம்பளியைத் துவைக்கும் முறை

தூசி உண்ணியைக் கொல்ல 60 டிகிரி வெந்நீர் வேண்டும். பருத்தி விரிப்பும் தலையணை உறையும் அதைத் தாங்கும், கம்பளி தாங்காது, சுருங்கிப் பாழாகும். சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் ஒவ்வாமைப் புரதம் கரைந்து போகும். ஆனால் உயிருள்ள உண்ணி நூலைப் பற்றிக்கொண்டு தப்பிவிடும். கொஞ்ச நாளில் மறுபடி பெருகிவிடும். இந்தச் சிக்கலுக்கு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி சொன்னது. பாத்திரம் கழுவும் திரவத்தின் உதவியோடு யூகலிப்டஸ் எண்ணெயை 0.4 சதவீதமாகத் தண்ணீரில் கலந்து கம்பளியைத் துவைத்ததில், உயிருள்ள உண்ணிகள் 97 சதவீதம் குறைந்தன. எண்ணெய் இல்லாத வழக்கமான சலவையில் 3 சதவீதம்தான் குறைந்தது. மலைவாழ் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறில்லை. எண்ணெயும் நம்மிடமே இருக்கிறது, கம்பளியும் நம்மிடமே இருக்கிறது.

பத்து லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லி யூகலிப்டஸ் எண்ணெயும் 10 மில்லி பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டும். ஒற்றைக் கம்பளி முழுதாக மூழ்க இருபது லிட்டராவது தேவைப்படும் என்பதால் அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். முதலில் எண்ணெயையும் திரவத்தையும் மட்டும் ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் அந்தக் கலவையை நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். பால்போல வெளுத்துக் கலந்தால் சரியான பதம். எண்ணெய் தனியாக மேலே மிதந்தால் அந்தத் திரவம் உதவாது, வேறு பிராண்டை முயல வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பதால்தான் பலருக்கும் இது தோற்றுப்போகிறது. மிதக்கும் எண்ணெய் கம்பளியில் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும், மற்ற இடத்தில் உண்ணிக்கு ஒன்றும் ஆகாது. கையும் எரியும்.

பால்பதம் வந்த பிறகு முழுக் கலவையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, கம்பளியை அமுக்கி, 30 முதல் 60 நிமிடம் ஊறவைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கட்டையால் புரட்டிவிடுங்கள். அடித்துத் துவைத்தாலும் கசக்கினாலும் கம்பளி சுருங்கும். ஊறியதும் வழக்கமான சலவைத்தூளில் ஒரு முறை, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறையாவது அலச வேண்டும். அலசல் போதாமல் வாசனை தங்கினால், அந்தக் கம்பளியே ஆஸ்துமாக்காரரின் மார்பை இறுக்கும். காய்ந்த பிறகும் நெடி தூக்கலாக இருந்தால் இன்னொரு முறை அலசிக் காயவைத்துவிட்டுத்தான் போர்த்த வேண்டும். துவைப்பவர் ரப்பர் கையுறை போட்டு, வெளி முற்றத்தில் துவைப்பது நல்லது. ஒவ்வாமை உள்ளவர் அன்று அந்தப் பக்கம் வரக் கூடாது, துவைக்கும் வேலை வேறொருவருடையது.

மலையில் இதில் பெரிய இடைஞ்சல் காயவைப்பதுதான். ஜூலையில் துவைத்தால் மூன்று நாள் ஈரமாகவே தொங்கிப் பூஞ்சை பிடிக்கும், உண்ணிக்குப் பதில் பூஞ்சை ஒவ்வாமை வரும். உறைபனி விழும் ஜனவரியில் பகல் வெயில் நன்றாகக் காயும். அதிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழைக்கு முன், மே மாதத்துக்குள், ஒரு முறை. பிறகு செப்டம்பரில் வெயில் கிடைக்கும் நாளாகப் பார்த்து ஒரு முறை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செய்ய முடிந்தால் சிறப்பு. வீட்டிலுள்ள எல்லாக் கம்பளியையும் ஒரே நாளில் நனைத்துவிட வேண்டாம். அவசரத்துக்கு ஹீட்டர் முன்னாலோ கணப்புப் பக்கத்திலோ காயப்போடவே கூடாது. இந்த எண்ணெயின் ஆவி ஐம்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே தீப்பற்றக்கூடியது. சலவை இயந்திரத்திலும் போட வேண்டாம், ரப்பர் வளையங்கள் உப்பிப் போகும். மிச்சத் தண்ணீரை ஓடையிலோ மீன் தொட்டிப் பக்கமோ விடாமல் கழிவுநீர் வழியில் ஊற்றுங்கள்.

கம்பளியை மட்டும் துவைத்து மெத்தையை விட்டுவிட்டால் ஒரே மாதத்தில் உண்ணி திரும்பும். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போட வேண்டும். விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். பஞ்சு அடைத்த ரஜாயைத் துவைக்க முடியாது. அதற்கும் அதே வகை உறைதான். குழந்தையின் துணிப் பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாளுக்குமேல் வைத்துவிட்டுத் துவைக்கலாம். கம்பளியின்மேல் தைலத்தை ஸ்பிரே அடிப்பது வீண் வேலை. மேற்பரப்பில் நெடி நிற்குமே தவிர உள்நூல் வரை போகாது.

முகர்வதானால் எவ்வளவு

ஆஸ்துமா இல்லாத, வலிப்பு வந்த வரலாறு இல்லாத பெரியவருக்கு மட்டும் இந்த அளவுகள். ஒரு மில்லிக்குப் புட்டியின் வாயைப் பொறுத்து 20 முதல் 30 சொட்டு வரும்.

கைக்குட்டையில் ஒரு சொட்டு, ஒரு சாண் தூரத்தில் பிடித்து நாலைந்து மூச்சு. இதுதான் மிகக் குறைந்த, மிகப் பாதுகாப்பான வழி. நெடி பிடிக்கவில்லையென்றால் கைக்குட்டையைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம், அறையில் பரவவிட்டால் அப்படி முடியாது. வாசனையை நீராவிபோலப் பரப்பும் டிஃப்யூசர் கருவி வைப்பவர்கள் 100 மில்லி தண்ணீருக்கு 2 அல்லது 3 சொட்டு விட்டு, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, 15 முதல் 20 நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். குளிர் என்று அறையைப் பூட்டி இரவு முழுவதும் ஓடவிடுவது மலைவீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. காலையில் தலைவலியும் வறட்டு இருமலும் அதன் பலன். அதோடு டிஃப்யூசர் அறையின் ஈரத்தைக் கூட்டுகிறது, உண்ணிக்கு வேண்டியதும் அதுதான். கரி அடுப்பில் தைலம் தெளித்து அறைக்குள் வைப்பது இதையெல்லாம்விட மோசம். மூடிய அறையில் கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

ஆவி பிடிப்பதற்கு எண்ணெயைவிட இலை சாந்தமானது, அதற்குக் கணக்கு இருக்கிறது. பத்து கிராம் பச்சை இலையில் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லி எண்ணெய் இருக்கும், அதாவது மூன்று நாலு சொட்டு. அதுவும் மெல்ல மெல்லத்தான் வெளிவரும். அரை லிட்டர் தண்ணீருக்கு அந்தப் பத்து கிராம் போதும். ஒரு கைப்பிடி நிறைய அள்ளிப்போட்டால் பதினைந்து சொட்டைத் தாண்டிவிடும், கண் எரிந்து இருமல் வரும். எண்ணெய் ஊற்றுவதாக இருந்தால் இரண்டு சொட்டு. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர் என்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், ஆனாலும் தோலை வெந்துபோகச் செய்ய அது தாராளம். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மேசையின் நடுவில் வைத்து, கண்ணை மூடி, ஒரு அடி தள்ளி முகத்தை வைத்து ஐந்து நிமிடம். மடியில் வைத்துக்கொள்ளவே கூடாது. குழந்தைகளை இந்தப் பாத்திரத்தின் பக்கமே விடக் கூடாது, ஆவி பிடிக்கும்போது பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது மருத்துவமனைகளுக்கு நன்றாகத் தெரிந்த விபத்து.

மூக்குக்குள் தைலம் விடுவதும், பஞ்சில் நனைத்து மூக்கில் வைப்பதும், மருந்தைப் புகைபோல மூச்சில் செலுத்தும் நெபுலைசரில் சொட்டுவதும் எந்த அளவிலும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கரையாது. அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும்.

மூக்கைக் கழுவ எளிமையான, நன்றாக நிறுவப்பட்ட வழி உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, சமையல் சோடா ஒரு சிட்டிகை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்க வேண்டும். சமவெளியில் ஒரு நிமிடக் கொதி போதும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும், கொதிநிலை குறைவு என்பதே காரணம். உப்பு குறைந்தாலும் கூடினாலும் மூக்கு எரியும். கழுவி முடித்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை அதன் பிறகு அடிக்க வேண்டும், முனையை நடுச்சுவரை நோக்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து. அதன் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். மூன்றே நாளில் நிறுத்திவிட்டுத் தைலத்துக்குத் திரும்புவதால்தான் பலருக்கும் நோய் நீடிக்கிறது. கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாளுக்குமேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கலாம்.

யார் தொடக் கூடாது

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த வாசனை எண்ணெயும் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். இதற்கு ஒவ்வாமை இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, நெடியே போதும். முகர்ந்துதான் பார்க்க வேண்டும் என்றால், வீசிங் அறவே இல்லாத ஒரு பகலில், நிவாரண இன்ஹேலரைக் கையருகே வைத்துக்கொண்டு, முதலில் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்குட்டையில் ஒரு சொட்டு, மூன்று மூச்சு, அதற்குமேல் வேண்டாம். அரை மணி கழித்து மறுபடி ஊதிப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, இருமலோ மார்பு இறுக்கமோ வந்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது, அன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், விலா இடுக்கு உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் நேராக 108-ஐ அழைக்க வேண்டியதுதான்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் யூகலிப்டஸையும் கற்பூரத்தையும் அறவே தவிர்க்க வேண்டும். இந்த இரண்டையும் முகர்ந்தும் தடவியும் வலிப்பு வந்தவர்களைப் பற்றிய ஆய்வைப் பெங்களூரு மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வலிப்பு மருந்து சாப்பிட்டும் நிற்காத சிலருக்கு இந்த எண்ணெய்களை நிறுத்தச் சொன்னால் தீர்வு கிடைக்கக்கூடும் என்பதால், தைலம் தடவும் பழக்கத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் நம் வழக்கத்தை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். 30 மாதம் நிறையாத குழந்தைக்கு யூகலிப்டஸ் எண்ணெயை முகரவோ தடவவோ கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கழகம் எச்சரிக்கிறது. தொண்டை இறுகி மூச்சு நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. மூக்கின் கீழும் நெஞ்சிலும் தேய்ப்பது, குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டுவது, சட்டையில் கற்பூரம் முடிந்துவிடுவது எல்லாமே அன்போடு செய்வதுதான். சளி பிடித்த குழந்தைக்கு அவை கெடுதலையே செய்யும். பள்ளிக்குப் போகும் வயது வரை, தைலத்தைக் கம்பளி துவைக்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மலைக்கடை வரிசையில் யூகலிப்டஸுக்குப் பக்கத்திலேயே நிற்கும் விண்டர்கிரீன் எண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்குத் தேய்க்கிற எண்ணெய் அது, மூக்குக்கும் நெஞ்சுக்கும் அல்ல. அதில் 95 சதவீதத்துக்குமேல் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். ஆஸ்பிரின் சாப்பிட்டால் வீசிங் வரும் ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கூடாது. ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் எண்ணெய், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். லெமன்கிராஸும் சிட்ரோநெல்லாவும் கொசுவுக்குச் சரி, மூச்சுக்கு வேண்டாம். ஜெரேனியம் மென்மையானதுதான், ஆனால் அதிலுள்ள வாசனைப் பொருட்களுக்கே தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு.

எந்த எண்ணெயும் பழசானால் மோசமாகும். காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெய் தோலையும் மூச்சுக்குழாயையும் அதிகம் சீண்டும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், இறுக மூடி, திறந்த தேதியை லேபிளில் எழுதி வையுங்கள். யூகலிப்டஸ் இரண்டு வருடம், எலுமிச்சை வகைகள் ஒரு வருடம், அதற்குமேல் முகர வேண்டாம். பழைய தண்ணீர்ப் புட்டியிலோ இருமல் மருந்துப் புட்டியிலோ ஊற்றி வைக்கவே கூடாது.

ஒரு குழந்தை யூகலிப்டஸ் எண்ணெயை இரண்டு மூன்று மில்லி விழுங்கினாலே மயக்கம் தட்டும். ஐந்து மில்லியைத் தாண்டினால் நினைவிழப்பும் வலிப்பும் வரலாம், அதுவும் அரை மணிக்குள். அப்படி நடந்தால் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாலோ உப்புத் தண்ணீரோ புகட்டவும் வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். புட்டியில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்து, அந்தப் புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.